தையலுக்குப் பிரித்துக் கொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி நான்கு தையல் யூனிட்டுகளுக்கு ஜாப் ஒர்க் (கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் வேலை) கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 5,000 பீஸ் என்று பிரித்துவிட்டால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள் என்ற நினைப்புதான் முதல் தவறு. ரவுண்ட் நெக் டி-ஷர்ட்டும் காலர், பட்டி வைத்த போலோவும் சலானில் (சரக்கோடு போகும் சீட்டில்) ஒரே பீஸ்தான். மெஷினில் அப்படியில்லை.

பீஸை விட்டுவிட்டு நிமிடத்தை எண்ணுங்கள். 20 மெஷின், ஒரு ஷிஃப்ட்டுக்கு 480 நிமிடம், அதில் பாதிதான் உருப்படியான தையல் என்றால் நாளுக்கு 4,800 நிமிடம் கிடைக்கும். 8 நிமிடம் பிடிக்கும் டி-ஷர்ட்டில் அது 600 பீஸ். 16 நிமிடம் பிடிக்கும் போலோவில் 300. இந்த விகிதத்தில் பிரித்தால் பெரிய யூனிட்டும் சின்ன யூனிட்டும் ஏறக்குறைய ஒன்றாக முடிப்பார்கள். பாதியா, அதற்கும் குறைவா என்பதை யூனிட்காரர் வாய்ச்சொல்லில் எடுக்காதீர்கள், பழைய டெலிவரி சலான்களே சொல்லும். ஓவர்டைம் சேர்ந்த ஒன்றரை ஷிஃப்ட்டையும் கணக்கில் சேர்க்காதீர்கள். ஷிப்மென்ட் நெருக்கும்போது கைகொடுக்க அது மிச்சம் இருக்க வேண்டும்.

அடுத்தது, சுலபமான ஸ்டைல் எப்போதும் வேண்டியவருக்கே போவது. கஷ்டமான ஸ்டைலுக்கு ரேட்டையும் நிமிடக் கணக்கில் ஏற்றிக் கொடுத்தால் இந்தப் புகாரில் பெரும்பகுதி அடங்கிவிடும். கலருக்கு 200 பீஸ் என்று துண்டு துண்டாக வரும் ஆர்டரை ஒருவர் தலையிலேயே கட்டுவதும் இதே வகைதான். ஒவ்வொரு கலருக்கும் நூல் மாற்றி லைன் பிடிப்பதற்குள் நேரம் போய்விடும், அதற்குக் கூலி கிடையாது.

தாமதத்துக்கு யூனிட்டைக் குறை சொல்லுமுன் கட்டிங் (வெட்டிய துணி), ரிப் (கழுத்துப் பட்டைத் துணி), லேபிள் எல்லாம் என்றைக்குப் போய்ச் சேர்ந்தன என்று பாருங்கள். கடைசி ஐட்டம் இறங்கிய தேதியிலிருந்துதான் நாள் எண்ண வேண்டும். பல கம்பெனிகள் இதைக் குறித்தே வைப்பதில்லை. அப்புறம் "அவர் லேட்" என்று அடுத்த ஆர்டரைக் குறைப்பது என்ன நியாயம்?

கடைசியாகப் பணம். யூனிட், உத்யம் என்னும் மத்திய அரசுப் பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனம் என்றால், 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் பணம் கொடுக்க 45 நாளைத் தாண்டக்கூடாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. வேலையைச் சரியாகப் பிரித்துவிட்டு பில்லை மட்டும் வேண்டியவருக்கு முதலில் பாஸ் செய்தால், யூனிட்காரர் அடுத்த சீசனில் வேறு கம்பெனிக்கு லைனைக் கொடுத்துவிடுவார்.