சிங்கப்பூர் வாட்டர் போலோ அணியின் ஆட்ட வரலாற்றைப் பிழையில்லாமல் தொகுக்க

முதலில் ஒரு அட்டவணை போடுங்கள்: ஆண்டு, போட்டி, நகரம், ஆட்டமுறை, கோல் கணக்கு, பதக்கம். ஆண்கள் அணிக்கும் பெண்கள் அணிக்கும் தனித்தனித் தாள் வேண்டும்.

உறுதியான ஆண்டுகளை முதலில் நிரப்புங்கள். 1954 மணிலா ஆசிய விளையாட்டில் தங்கம், 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் பங்கேற்பு, 1986 சோல் ஆசிய விளையாட்டில் வெண்கலம். பிறகு அந்த அபாரமான தொடர்: தென்கிழக்காசிய விளையாட்டுகளில் 1965 முதல் 2017 வரை ஆண்கள் அணி வரிசையாக வென்ற 27 தங்கங்கள். 2019இல் அது அறுந்தது. தங்கம் இந்தோனேசியாவுக்குப் போனது. 2023இல் கம்போடியாவில் நம்மவர்கள் மீட்டார்கள்.

தேடும்போதுதான் பலர் தடுமாறுகிறார்கள். 1975 வரை இந்தத் தென்கிழக்காசியப் போட்டியின் பெயர் ‘சீப்’ (SEAP, தென்கிழக்காசியத் தீபகற்ப) விளையாட்டுகள். 1977இலிருந்துதான் ‘சீ’ (SEA, தென்கிழக்காசிய) விளையாட்டுகள். புதுப் பெயரை மட்டும் தட்டினால் முதல் ஆறு தங்கங்கள் கண்ணில் படாமலே போகும். தேசிய நூலக வாரியத்தின் மின்னிலக்க நாளிதழ்த் தொகுப்பில் இரண்டு பெயரையும் போட்டுத் தேடுங்கள்.

கோல் எண்ணைத் தேடலில் வரும் எழுத்திலிருந்து, அதாவது கணினி பக்கத்தைப் படித்துத் தரும் எழுத்திலிருந்து, எடுக்காதீர்கள். மங்கிய அச்சில் 3 என்பது 8 ஆகிவிடும். பக்கத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். செய்தி மறுநாள்தான் அச்சாகும் என்பதால், ஆட்டத் தேதியைச் செய்திக்குள்ளேயே தேட வேண்டும். எல்லா அணிகளும் ஒன்றோடொன்று மோதும் லீக் முறையில் இறுதியாட்டமே கிடையாது. அட்டவணையின் ‘ஆட்டமுறை’ கட்டத்தில் “லீக்” என்று எழுதுங்கள். கடைசி ஆட்டத்தை இறுதியாட்டமாக்கிவிடாதீர்கள்.