பழைய ஆம்னி வேன்: வாங்குமுன் செய்ய வேண்டிய சோதனைகளும் பழுது பார்க்க ஆகும் செலவும்

1984-இல் மாருதி வேன் என்ற பெயரில் அறிமுகமாகி, 1988-இல் ஆம்னி என்று பெயர் மாறி, 2019-இல் உற்பத்தி நிறுத்தப்பட்ட வண்டி இது. ஆகவே இன்று விற்பனைக்கு வரும் ஒவ்வோர் ஆம்னியும் பழைய வண்டிதான். 796 சிசி, மூன்று சிலிண்டர் கொண்ட அதன் எஞ்சின் எளிமையானது; அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த மெக்கானிக் சிற்றூர்களிலும் இருக்கிறார்; உதிரிப் பாகங்களும் மலிவாகவே கிடைக்கின்றன. இதனால்தான் முதன்முறை வாங்குபவர்கள் எஞ்சின் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். என் அனுபவத்தில் ஆம்னியைக் கைவிட வைப்பது எஞ்சின் அல்ல, துருதான். எனவே சோதனையைத் தரையிலிருந்து தொடங்குங்கள்.

டார்ச், துணி சுற்றிய காந்தம், தடித்த ஸ்குரூ டிரைவர், படுத்துப் பார்க்க ஒரு பழைய சாக்கு ஆகியவற்றை எடுத்துக்கொண்டு பகல் வெளிச்சத்தில் செல்லுங்கள். இங்கே தரும் தொகைகள் உள்ளூர்ப் பட்டறைகளில் கேட்கப்படும் உத்தேசக் கணக்கு. ஊருக்கு ஊர், பாகத்தின் தரத்துக்குத் தரம் மாறும்.

முதல் படி: தரையும் தகடும்

வண்டிக்குள் விரித்திருக்கும் மிதியடியைத் தூக்கிப் பாருங்கள். ஒட்டியிருக்கிறது, கழற்ற முடியாது என்று விற்பவர் சொன்னால், அங்கேதான் கட்டாயம் பார்க்க வேண்டும். நான் வாங்கிய முதல் ஆம்னிக்குப் புதுப் பெயின்ட் அடித்திருந்தார்கள். உள்ளே புது ரெக்ஸின் விரிப்பு பளபளத்தது. ஒரு மாதம் கழித்து மழைநீர் காலடியில் தேங்கியபோது விரிப்பைக் கிழித்தேன். ஓட்டுநரின் குதிகால் படும் இடத்தில் தகடு அப்பளம்போல் நொறுங்கி, கீழே தார்ச்சாலை தெரிந்தது. அதை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்து, அடிப்பூச்சும் அடித்து முடித்தபோது, எஞ்சினில் அதுவரை செய்திருந்த எல்லா வேலையையும்விட அதிகம் செலவாகியிருந்தது.

வெளிப்புறத்தில் சக்கர வளைவு, நகரும் கதவின் கீழ்த் தடம், முன் கண்ணாடியின் அடி விளிம்பு ஆகிய இடங்களில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் நழுவினால் அங்கே தகட்டுக்குப் பதிலாகப் பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) பூசியிருக்கிறார்கள் என்று பொருள். பிறகு வண்டிக்கு அடியில் படுத்து, பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடங்களை ஸ்குரூ டிரைவரால் அழுத்திப் பாருங்கள். அந்த இடம் உள்வாங்கினால் விலை எவ்வளவு குறைந்தாலும் அந்த வண்டி வேண்டாம். தரைத்தகடு மட்டும் ஓட்டையாக இருந்தால் 5,000 முதல் 15,000 ரூபாய் வரை டிங்கரிங் செலவாகும். நகரும் கதவு தொங்கி, தடத்தில் உரசினால் ரோலர் தேய்ந்திருக்கும். அது சிறு செலவு.

இரண்டாம் படி: அடிப்பகுதி

ஆம்னியில் எஞ்சின் முன் இருக்கைகளுக்கு அடியில் இருக்கிறது, இழுப்பதோ பின்சக்கரங்கள். இடையில் ஓடும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கையால் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பாருங்கள். அதன் மூட்டான கிராஸ் தேய்ந்திருந்தால் ஆட்டம் தெரியும். முதல் கியரிலிருந்து ரிவர்ஸுக்கு மாற்றும்போது ‘டொக்’ என்று தட்டும். ஒரு கிராஸ் மாற்றக் கூலியுடன் 800 முதல் 1,200 ரூபாய் ஆகும். ஓடும்போது பின்புறத்திலிருந்து வேகத்துக்கேற்ப ஏறி இறங்கும் ஊளைச் சத்தம் வந்தால் அது கிரவுன் பினியன் (பின் ஆக்சிலின் பல்சக்கரங்கள்) தேய்மானம். அதற்கான செலவு பெரிது. பின்சக்கரத்தின் உட்பக்கம் ஈரமாக இருந்தால், பிரேக் வீல் சிலிண்டரோ ஆக்சில் ஆயில் சீலோ கசிகிறது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இரு பக்கமும் சக்கர வளைவின் உயரத்தை அளந்து பாருங்கள். சுமை ஏற்றிய வண்டிகளில் பட்டை உட்கார்ந்து ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்.

மூன்றாம் படி: குளிர்ந்த எஞ்சின்

நான் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சூடான எஞ்சின் பல குறைகளை மறைத்துவிடும். இருக்கையைத் தூக்கி, முதலில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அதன் உட்புறத்தைப் பாருங்கள். கடைந்த தயிர்போல வெண்மையாகத் திரண்டிருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. குறுகிய தூரம் மட்டும் ஓடும் வண்டியில் மழைக்காலத்தில் இலேசான படலம் இருப்பதுண்டு. அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ரேடியேட்டர் மூடியையும் திறந்து பாருங்கள். தண்ணீரில் எண்ணெய் மிதந்தாலோ, ஸ்டார்ட் செய்தபின் தொடர்ந்து குமிழி கிளம்பினாலோ ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். இந்த எஞ்சினின் ஹெட் அலுமினியத்தால் ஆனது. ஒருமுறை அதிகம் சூடேறினாலே வளைந்துவிடக்கூடும். லேத் பட்டறையில் முகம் சீவி, கேஸ்கட் மாற்றிப் பூட்ட 5,000 முதல் 8,000 ரூபாய் ஆகும். சூடேறியதற்கான காரணத்தைக் கண்டுபிடிக்காமல் கேஸ்கட்டை மட்டும் மாற்றினால் அதே செலவு மீண்டும் வரும். ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் மூன்றையும் சேர்த்தே பார்க்கச் சொல்லுங்கள்.

ஸ்டார்ட் செய்தவுடன் ஒரு கணம் மட்டும் நீலப் புகை வந்து நின்றால் பெரும்பாலும் வால்வு சீல். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் நீலப் புகை வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்து ஆயில் குடிக்கிறது. சிலிண்டரைக் கடைந்து சீராக்கும் போர் வேலை வரை போனால் 20,000 முதல் 30,000 ரூபாய் வரை எடுத்து வையுங்கள். ஐடிலில் எஞ்சின் குலுங்கினால் மூன்று சிலிண்டரில் ஒன்று மிஸ்ஸிங் ஆகலாம். பிளக்கிலும் பிளக் ஒயரிலும் சரியாகிவிட வாய்ப்பு உண்டு. பழைய கார்புரேட்டர் வண்டிகளில் அதைக் கழுவி டியூனிங் செய்ய ஆயிரம் ரூபாய்க்குள் முடியும். டைமிங் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்பதற்குப் பில் இல்லையென்றால், மாற்றவில்லை என்றே கருதி வாங்கிய வாரத்திலேயே மாற்றிவிடுங்கள்.

நான்காம் படி: ஓட்டிப் பார்த்தல்

மூன்றாம் கியரில் 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது ஆக்சிலரேட்டரை முழுதாக மிதியுங்கள். எஞ்சின் இரைச்சல் மட்டும் ஏறி வண்டி முன்னேறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றையும் ஒன்றாக மாற்ற 4,000 முதல் 6,000 ரூபாய் ஆகும். ஆளில்லாத நேர்ச்சாலையில் பிரேக் பிடித்து, வண்டி எந்தப் பக்கம் இழுக்கிறது என்று கவனியுங்கள்.

ஐந்தாம் படி: கேஸ் கிட்டும் ஆவணமும்

எல்.பி.ஜி. கிட் இருந்தால் அது ஆர்.சி.யில் பதிவாகியிருக்க வேண்டும். வீட்டுச் சமையல் சிலிண்டரில் ஓட்டப்பட்ட வண்டி என்ற ஐயம் எழுந்தாலே விலகிவிடுங்கள். உட்காரும் இருக்கைக்குக் கீழேயே எஞ்சின் இருக்கும் வண்டியில் இந்த விஷயத்தில் சமரசம் கூடாது. சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் 15 ஆண்டு கடந்த காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய் ஆக்கப்பட்டது; 20 ஆண்டு கடந்தவற்றுக்கு 2025-இல் அது மேலும் உயர்த்தப்பட்டது. பசுமை வரி தனி. எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்றுக்கு முன் டிங்கரிங், பெயின்ட் வேலையும் தேவைப்படும் என்பதால், பதிவு முடியும் தேதியைப் பார்த்து அந்தச் செலவையும் உங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

இதுவரை குறித்த பழுதுகளை ஒரு தாளில் தொகையுடன் கூட்டி, கேட்ட விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள். விலை படிந்த பிறகும், பணம் கொடுப்பதற்கு முன் வண்டியில் பொறித்திருக்கும் சேசிஸ் எண்ணை ஈரத்துணியால் துடைத்து, ஆர்.சி.யில் உள்ளதோடு ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிடுங்கள். அந்த எண்ணைச் சுற்றி வெல்டிங் தடமோ, அங்கு மட்டும் புதுப் பெயின்ட்டோ தெரிந்தால், மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் வாங்காமல் திரும்பிவிடுங்கள்.