படைவீரர்களுக்குக் கம்பளி பின்னுகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கோயில் மண்டபத்தில் பின்ன உட்காரும் புதியவர்கள், கண்ணி நழுவியதற்கும் ஓரம் கோணியதற்கும் வருத்தப்படுகிறார்கள். நாலு தொப்பி பின்னினால் அதெல்லாம் சரியாகிவிடும். கை பழகினாலும் சரியாகாதவை வேறு.

அக்ரிலிக் நூல்

2007 முதல் நம் மலேசிய வீரர்கள் ஐ.நா. அமைதிப்படையில் தென் லெபனானில் பணியாற்றி வருகிறார்கள். அங்கே குளிர்காலத்தில் மழையும் சேர்ந்து வரும். நனைந்தாலும் கதகதப்பு தருவது ஆட்டுக் கம்பளி. அதைவிடப் பெரிய காரணம் நெருப்பு. கம்பளி எளிதில் பற்றாது. பற்றினாலும் கருகி அணைந்துவிடும். அக்ரிலிக் செயற்கை இழை; அது உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும், பிய்த்தால் சதையும் சேர்ந்து வரும். 2006இல் ஈராக்கில் இருந்த அமெரிக்க மரைன் படையினர் முகாமுக்கு வெளியே அதேபோல உருகும் பாலியெஸ்டர், நைலான் உடைகளை அணியத் தடை விதித்ததும் இதனால்தான்.

பசார் கடையில் "கம்பளிதான்க்கா" என்று சொல்லித் தருவதில் பெரும்பாலானவை அக்ரிலிக். சீட்டில் 100% வூல் என்று இருக்கிறதா பாருங்கள். சீட்டு இல்லையென்றால், ஒரு விரல் நீளம் நூலை வெட்டி, இடுக்கியில் பிடித்து, சிங்க்குக்கு மேலே கொளுத்துங்கள். கம்பளியானால் முடி கருகும் வாடை வரும், தீயை எடுத்ததும் அணையும், சாம்பல் விரலில் பொடியாகும். அக்ரிலிக் கரும்புகையோடு உருகிச் சொட்டும். ஆறியதும் நசுங்காத கெட்டி மணியாக நிற்கும். கலப்பு நூலில் இரண்டும் தெரியும். அதுவும் வேண்டாம்.

எரிச்சலூட்டுவது இன்னொன்று. தொப்பி முக்கால்வாசி முடிந்திருக்கும், கம்பளி தீர்ந்திருக்கும். "மேலே நாலு வரிசைதானே" என்று வீட்டில் கிடந்த அக்ரிலிக்கில் முடித்துக் கொண்டுவந்து பெட்டியில் போட்டுவிடுவார்கள். பின்னி முடித்ததைப் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அப்படி ஒன்று கலந்தது தெரிந்தால் பெட்டியில் உள்ள எல்லாமே சந்தேகத்துக்குரியவை. மற்றவர்களின் உழைப்பும் அதோடு போகிறது. தொப்பிக்கு 100 கிராம் நூலை முதலிலேயே எடுத்து வையுங்கள். கையில் இருக்கும் அக்ரிலிக்கை, குளிரான கேமரன் மலையில் சொந்தக்காரர்கள் இருந்தால் அவர்களுக்குப் பின்னிக் கொடுங்கள்.

நிறம்

கறுப்பு, பழுப்பு, கரும்பச்சை மட்டும்.

உச்சியில் குஞ்சம்

வேண்டாம். மேலே ஹெல்மெட் உட்காரணும்.

அளவு பார்க்காமல் தொடங்குவது

10 செ.மீ.க்கு 20 கண்ணி விழும் கைக்கு, 100 கண்ணி போட்டால் 50 செ.மீ. சுற்றளவு கிடைக்கும். 56 செ.மீ. தலைக்கு இழுத்துப் பிடிக்க அது சரி. இறுக்கமாகப் பின்னுகிறவருக்கு 22 விழும். அதே 100 கண்ணி 45 செ.மீ.தான் வரும், நெற்றியில் தடம் பதியும். 15 செ.மீ. சதுரம் பின்னி, அலசி, உலர்த்தி, நடுவில் அளந்து பாருங்கள். அலசாமல் அளப்பதில் பயனில்லை. கம்பளி தண்ணீர் பட்டதும் தளரும்.

காலுறை நுனியில் தையல்

நுனியைத் தடிப்பாகத் தைத்து மூடினால் பூட்ஸுக்குள் விரலை உரசிக் கொப்புளம் போடும். இரண்டு பக்கக் கண்ணிகளையும் ஊசியால் கோத்து, மேடு தெரியாமல் இணையுங்கள். கிச்சனர் பின்னல் என்று பெயர். பழகச் சிரமம், ஆனால் இதைத் தவிர்க்க முடியாது.

கட்டும்போது

நம் ஊர் ஈரத்தில் கம்பளி காய்ந்தது போலத் தெரியும், உள்ளே ஈரம் இருக்கும். அப்படியே பிளாஸ்டிக்கில் கட்டினால் பூஞ்சை பிடிக்கும். மின்விசிறிக் காற்றில் இரண்டு நாள் பரப்பி வையுங்கள். அந்துருண்டை போடாதீர்கள், அந்த நாற்றம் தொப்பியை விட்டுப் போகாது.