பலம் கையில் இல்லை, பாதத்தில்

தொங்கும் துணியில் ஏறிச் செய்யும் வித்தையான ஏரியல் சில்க்ஸ் வகுப்புக்கு வரும் புதியவர்களில் பலர் முதல் ஏற்றத்திலேயே தளர்ந்துவிடுவார்கள். கூரையிலிருந்து தொங்கும் நைலான் துணியை இறுகப் பற்றி, முழங்கையை மடக்கி, முழு உடலையும் கைகளாலேயே இழுப்பார்கள். சிறிது நேரத்தில் முன்கை இறுகிப் பிடி நழுவும். “எனக்குப் பலம் போதாது” என்று சொல்லிவிட்டுத் திரும்பி வராமலே போனவர்கள் உண்டு. அது எனக்குப் பெரிய வருத்தம். பெரும்பாலும் குறை அவர்களுடைய பலத்தில் இருப்பதில்லை.

அதனால் ஏற்றத்தையே தள்ளி வைத்தேன். முதலில் நாற்காலி. உட்கார்ந்தபடி ஒரு காலைத் துணியில் சுற்றி, துணி பாதத்தின் மேல்புறமாக விழச் செய்து, மற்றப் பாதத்தால் அதை மிதித்து அழுத்த வேண்டும். முழங்காலுக்கு மேலுள்ள துணியை நான் மேல்நோக்கி இழுத்துப் பார்ப்பேன். நழுவினால் மறுபடியும் முதலிலிருந்து. குனிந்து பார்க்காமலே, இரு பாதங்களுக்கு இடையே துணி இறுகும் இந்தப் பூட்டு விழும்வரை யாரையும் நான் மேலே அனுப்புவதில்லை.

பிறகுதான் தொங்குவது. கைகளை நீட்டியே வைத்து, முழங்கால்களை மார்பை நோக்கி உயர்த்தி, பாதத்தைப் பூட்டி, எழுந்து நிற்க வேண்டும். உடலைத் தூக்குவது தொடை. கை துணை மட்டுமே. முழங்கால் போதிய அளவு உயராவிட்டால் ஒவ்வோர் அடியிலும் சிறு உயரமே கிடைக்கும், அதற்குள் கை சோர்ந்துவிடும்.

இறங்குவதையும் அன்றே சொல்லித்தருகிறேன். சறுக்கினால் உராய்வில் தோல் எரியும். கீழே மெத்தை இருந்தாலும், தலை உயரத்தைத் தாண்டுவதற்கு முன் நிதானமாக இறங்கத் தெரிந்திருக்க வேண்டும்.