சாம்ப்ளரில் கேட்ட கீச்சொலி

கையடக்க சாம்ப்ளரை (ஒலித்துணுக்குகளை ஏற்றி இசைக்கும் கருவி) லேப்டாப் யூஎஸ்பியில் செருகி, ஆடியோவை லேப்டாப்பின் ஒலிப்பெட்டியான இன்டர்ஃபேஸுக்குக் கொடுத்தால் கிக் டிரம்முக்கு அடியில் ஒரு கீச்சொலி ஓடிக்கொண்டே இருந்தது. மவுஸை நகர்த்தினால் அதன் சுருதியும் மாறும்! ஆடியோ கேபிளை மாற்றியும் போகவில்லை. யூஎஸ்பியைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டினேன், சட்டென்று நின்றது. சரி, கிரவுண்ட் லூப்தான்: யூஎஸ்பி, ஆடியோ கேபிள் என்று எர்த்துக்கு இரண்டு வழி. அந்த வளையம் வழியாக லேப்டாப்பின் இரைச்சல் ஒலிக்குள் நுழைகிறது.

ஆனால் டெம்போ சிங்க்குக்கு (இரண்டும் ஒரே வேகத்தில் ஓட) லேப்டாப் வேண்டுமே. இன்டர்ஃபேஸின் பழைய 5 முனை மிடி அவுட் (இசைக்கருவிகளுக்குக் கட்டளை அனுப்பும் இணைப்பு) கைகொடுத்தது. மிடி உள்ளீட்டில் ஆப்டோ ஐசொலேட்டர் உண்டு. சிக்னல் ஒளியாகத் தாண்டுவதால் எர்த் இணையாது. வேகத்தைச் சொல்ல மிடியில் பீட்டுக்கு 24 கிளாக் துடிப்புகள், தாளத்தை வரிசையாக வாசிக்கும் டிரம் சீக்வென்சருக்குத் தாராளம். அப்புறம் ரீசார்ஜ் பேட்டரிகள் வாங்கிவிட்டேன். சாம்பிள் ஏற்றும்போது மட்டும் யூஎஸ்பி. அப்போது கீச்சிட்டால் கீச்சிடட்டும்.