ட்ரேசர் எல்லாம் வாலுக்குப் பின்னால் போகிறதா? சிமுலேட்டரில் குறி தப்பாமல் சுடப் பழகுவது எப்படி

எதிரி விமானம் கண்ணெதிரே பறக்கிறது, ட்ரிகரை அழுத்திப் பிடிக்கிறீர்கள், ட்ரேசர், அதாவது போகும் வழி தெரிய ஒளிவிட்டுப் பறக்கும் குண்டுகள், முழுக்க அதன் வாலுக்குப் பின்னால் போகிறது, கடைசியில் குண்டு தீர்ந்துவிடுகிறது. ஐஎல்-2, டிசிஎஸ், வார் தண்டர் என்று எந்தப் போர் விமான விளையாட்டில் ஆரம்பித்தாலும் புதியவர்களுக்கு இதுதான் நடக்கும். நானும் பல மாதம் இப்படித்தான் சுட்டுக்கொண்டிருந்தேன். கை பழகினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன், ஆனால் உண்மையில் நான் ரொம்பத் தூரத்திலிருந்து சுட்டுக்கொண்டிருந்தேன். இங்கே சொல்வதெல்லாம் இரண்டாம் உலகப்போர் காலத்து விமானங்களுக்கு.

முதலில் செட்டிங்கை முடித்துவிடுவோம். ஜாய்ஸ்டிக்கின் நடுப்பகுதி மென்மையாக நகரும்படி கர்வ் (கை அசைவுக்கு விமானம் எவ்வளவு அசைய வேண்டும் என்ற செட்டிங்) வையுங்கள், இல்லாவிட்டால் சின்ன அசைவுக்கே மூக்கு துள்ளும். அடுத்தது கன்வர்ஜென்ஸ், அதாவது இரண்டு இறக்கையிலும் இருக்கும் துப்பாக்கிகளின் குண்டுகள் ஒன்றுசேரும் தூரம். ஐஎல்-2, வார் தண்டர் இரண்டிலும் இதை நீங்களே மாற்றலாம். 1940இல் பிரிட்டிஷ் விமானிகள் 400 கெஜமாக இருந்ததை 250 கெஜத்துக்குக் குறைத்துக்கொண்டார்கள், அது ஏறக்குறைய 230 மீட்டர். நீங்களும் 200 முதல் 250 மீட்டருக்குள் வையுங்கள். ஜெர்மன் போர் விமானமான மெஸ்ஸர்ஷ்மிட் 109இன் பிந்தைய மாடல்களில் பீரங்கி மூக்கிலேயே இருப்பதால் இந்தக் கவலை குறைவு, புதியவர்களுக்கு அது நல்ல தேர்வு.

இரண்டாவது, தூரத்தைக் கண்ணால் அளக்கப் பழக வேண்டும். மெஸ்ஸர்ஷ்மிட் 109இன் இறக்கை நுனிக்கு நுனி சுமார் 10 மீட்டர். கன்சைட் (குறிபார்க்கும் கண்ணாடி) வளையம் 100 மில் அகலம் என்றால், அதாவது 1000 மீட்டர் தூரத்தில் 100 மீட்டரை அடக்கும் என்றால், 100 மீட்டரில் அந்த இறக்கை வளையத்தை முழுசாக நிரப்பும், 200 மீட்டரில் பாதி வளையம்தான். அந்தப் பாதி வளையம் வரும்வரை விரலை ட்ரிகரில் வைக்காதீர்கள். "இன்னும் கிட்டப் போனால் மோதிவிடுவோமோ" என்று தோன்றும் இடம்தான் பெரும்பாலும் சரியான தூரம். 352 விமானங்களை வீழ்த்தியதாகக் கணக்கில் உள்ள ஜெர்மன் விமானி எரிக் ஹார்ட்மனும் மிக நெருங்கிச் சுடுவதைத்தான் விரும்பினார்.

அப்புறம் பந்து. டாஷ்போர்டில் ஒரு வளைந்த குழாய்க்குள் சின்ன பந்து இருக்கும், அது நடுவில் இல்லையென்றால் விமானம் பக்கவாட்டில் சறுக்குகிறது என்று அர்த்தம், கன்சைட் காட்டும் இடத்துக்குக் குண்டு போகாது. பந்து எந்தப் பக்கம் ஒதுங்குகிறதோ அந்தப் பக்க ரட்டர் பெடலை (வால் சுக்கானைத் திருப்பும் மிதி) மிதியுங்கள். சுடுவதற்கு முந்தின கணத்தில் இதைப் பார்த்துவிட்டுத்தான் நான் அழுத்துவேன்.

இப்போது கஷ்டமான பகுதி, முன்னால் குறிவைப்பது. எதிரி மணிக்கு 400 கிலோமீட்டரில் குறுக்கே போகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள், நொடிக்கு 111 மீட்டர். குண்டின் வேகம் நொடிக்கு 800 மீட்டர் என்றால் 200 மீட்டரைக் கடக்க கால் நொடி, அதற்குள் அவன் 28 மீட்டர் நகர்ந்துவிடுவான். அது மெஸ்ஸர்ஷ்மிட் 109இன் நீளத்தைப் போல மூன்று மடங்கு! விமானத்தின் மேலேயே குறிவைத்தால் ஏன் படவில்லை என்பது இப்போது புரியும். அவன் போகும் திசைக்கும் நீங்கள் சுடும் திசைக்கும் நடுவிலுள்ள கோணம் 30 டிகிரியாகக் குறைந்தால் இதில் பாதி போதும், நேர் பின்னாலிருந்து சுட்டால் ஏறக்குறைய ஒன்றுமே வேண்டாம். அதனால் ஆரம்பத்தில் பின்னாலிருந்து வரும் வாய்ப்புகளை மட்டும் எடுங்கள்.

திரும்பும் எதிரியைச் சுட, முதலில் உங்கள் இறக்கையை அவன் இறக்கையோடு ஒரே சாய்வில் கொண்டுவாருங்கள். பிறகு ஸ்டிக்கை இழுத்து அவன் போகும் வழிக்கு முன்னால் மூக்கை வையுங்கள். பல நேரம் அவன் உங்கள் எஞ்சின் மூடிக்குக் கீழே மறைந்துவிடுவான், பதற வேண்டாம். ஒரு நொடி சுட்டுவிட்டு இழுப்பை லேசாகத் தளர்த்துங்கள், அவன் மறுபடி மூடிக்கு மேலே எழும்பி வருவான், ட்ரேசர் முன்னால் போனதா பின்னால் போனதா என்று பார்த்துத் திருத்துங்கள்.

ஒரு தடவைக்கு ஒன்று, இரண்டு நொடிக்கு மேல் அழுத்தாதீர்கள். பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயரின் முதல் மாடலில் துப்பாக்கிக்கு 300 குண்டு, மொத்தமே 15 நொடிக்குத்தான் வரும்.

பயிற்சிக்கு, நீங்களே சட்டென்று அமைத்துக்கொள்ளும் க்விக் மிஷனில் நேராகப் பறக்கும் ஒரே ஒரு குண்டுவீச்சு விமானத்தை வையுங்கள், பின்புறத் துப்பாக்கிக்காரன் இல்லாத மாதிரி. குறையாத குண்டு என்ற வசதியை அணைத்துவிடுங்கள், அது கெட்ட பழக்கம்தான் தரும். பத்து தடவை பின்னாலிருந்து, பத்து தடவை சாய்வாக மேலிருந்து. முடிந்ததும் ரீப்ளேயைப் போட்டு, சுட ஆரம்பித்த கணத்தில் நிறுத்தி, வெளிக் கேமராவில் இரண்டு விமானத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளியைப் பாருங்கள். 200 மீட்டர் என்று நான் நினைத்துச் சுட்டது அங்கே 500ஆக இருந்தது. அந்த இடைவெளி நிஜமாகவே 200க்கு வந்த பிறகு, திரும்பும் போர் விமானத்துக்கு மாறுங்கள்.