கட்டியில் இரத்த ஓட்டம் இல்லை என்று எழுதுவதற்கு முன்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நான் ஸ்கேன் எடுக்கும் கிளினிக்குக்கு வருபவர்களில் பாதிப் பேர் சுற்றுவட்டாரத் தோட்டங்களைச் சேர்ந்தவர்கள். ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, பஸ் பிடித்து வருகிறார்கள். நாம் ரிப்போர்ட்டில் தவறாக ஒரு வரி எழுதினால், 'ஒன்றுமில்லையாம்' என்று நிம்மதியாகத் திரும்பிப் போய்விடுவார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் ஓர் அக்கா மார்பில் கட்டியோடு வந்தார். வேறோர் இடத்தில் எடுத்த பழைய ரிப்போர்ட்டில் 'இரத்த ஓட்டம் இல்லை' என்றிருந்தது. ஓடும் இரத்தத்தை நிறமாகக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில், நான் புரோபை (உடலில் வைக்கும் கைக்கருவியை) வைத்தபோதும் முதலில் நிறம் வரவில்லை. ஜெல்லை நிறைய விட்டு, கையின் பாரத்தை மெல்லக் குறைத்தேன். கட்டியின் ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி துடித்தது. ஸ்கேலை, அதாவது திரையில் காட்டும் வேக வரம்பை, குறைத்ததும் புள்ளி கோடாக நீண்டு கட்டிக்குள் நுழைந்தது.

அழுத்துவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. கட்டி தனக்கென வளர்த்துக்கொள்ளும் இரத்தக்குழாய்கள் மெல்லியவை. பலவற்றின் சுவரில் தசையே சரியாக இருக்காது. கை கொஞ்சம் அழுத்தினாலே மூடிக்கொள்ளும்.

அடுத்தது, இதற்குமுன் வந்தவருக்கு வைத்த செட்டிங்கிலேயே வேலையைத் தொடங்குவது. கழுத்துத் தமனியில் இரத்தம் விநாடிக்கு 100 சென்டிமீட்டர் வேகத்தைக்கூடத் தொடும். கட்டியின் சிறு குழாய்களில் சில சென்டிமீட்டர்தான். கழுத்துக்கு வைத்த ஸ்கேலில் கட்டியைப் பார்த்தால் எதுவும் தெரியாது. ஸ்கேலை விநாடிக்கு 5 சென்டிமீட்டர் அளவுக்கு இறக்குங்கள், மெதுவான அசைவுகளை வடிகட்டிவிடும் வால் ஃபில்டரையும் குறையுங்கள். நிறத்தின் உணர்திறனைக் கூட்டும் கெயினை, பொய்யான நிறப்புள்ளிகள் சிதறும் வரை ஏற்றி, அவை மறையும் இடத்துக்கு இறக்கி நிறுத்துங்கள்.

கோணமும் ஏமாற்றும். 1842இல் கிறிஸ்டியன் டாப்ளர் சொன்ன விதிப்படி, அலைக்குக் குறுக்கே 90 டிகிரியில் ஓடும் இரத்தம் அலையின் அதிர்வெண்ணை மாற்றாது. கட்டியின் குழாய்களோ எப்படியெல்லாமோ வளைந்து ஓடும். புரோபைச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். அப்புறம், திசையைக் காட்டாமல் ஓட்டம் இருப்பதை மட்டும் காட்டும் பவர் டாப்ளரையும் போடுங்கள். அதற்குக் கோணம் அவ்வளவு பிரச்சினையில்லை. ஆனால் மூச்சு அசைவுக்கே திரை முழுக்க நிறம் பரவிவிடும். சில விநாடி மூச்சைப் பிடிக்கச் சொன்னால் போதும்.

"தம்பி, செவப்பா தெரியுதே, கேன்சரா?" என்று கேட்டார் அக்கா.

"செவப்புன்னா கேன்சர்னு இல்லக்கா, ரத்தம் இந்தக் கருவி பக்கமா வந்தா செவப்பு, அந்தப் பக்கம் போனா நீலம். கட்டி என்னன்னு ஊசி போட்டு எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும்" என்றேன்.

சிவப்பைத் தமனி, நீலத்தைச் சிரை என்று எழுதுகிற நம் ஆட்களும் இதை மறந்துவிடுகிறார்கள். நிறம் நிறைய இருந்தால் புற்று என்பதும் தவறு. இளம்பெண்களுக்கு வரும், புற்றல்லாத மார்புக்கட்டியான ஃபைப்ரோஅடினோமாவிலும் சீழ்க்கட்டியைச் சுற்றிலும் இரத்தம் தாராளமாக ஓடும். இதைவிட ஆபத்தானது, நிறமில்லை என்பதால் புற்று இல்லை என்று முடிவு கட்டுவது. சாதாரண டாப்ளருக்குத் தந்துகிகள் (மிக நுண்ணிய இரத்தக்குழாய்கள்) தெரியாது. சில புற்றுக்கட்டிகளில் கடைசிவரை நிறமே வராது. கெட்டியான திரவம் நிறைந்த நீர்க்கட்டியா, திடக்கட்டியா என்ற சந்தேகத்தில், உள்ளே உண்மையான ஓட்டம் தெரிந்தால் அது திடப்பொருள் என்று சொல்லலாம். தெரியாவிட்டால் நீர்க்கட்டி என்று சொல்ல முடியாது.

ஆகவே 'இரத்த ஓட்டம் இல்லை' என்று எழுதாதீர்கள். 'டாப்ளரில் இரத்த ஓட்டம் தென்படவில்லை' என்று எழுதி, ஸ்கேல் அளவையும் குறியுங்கள். கட்டியின் வடிவமும் விளிம்பும் சந்தேகம் தந்தால், நிறம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பயாப்சிக்கு (ஊசியால் திசு எடுத்துப் பார்க்கும் சோதனைக்கு) அனுப்பச் சொல்லுங்கள். அந்த அக்காவை டாக்டர் அன்றே ஈப்போ மருத்துவமனைக்கு எழுதி அனுப்பினார். பழைய ரிப்போர்ட்டையும் மறக்காமல் கொண்டுபோகச் சொன்னேன்.